ஹெல்மெட் போடாதவனுக்கு 1000 ரூபாய். வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு போடாதவனுக்கு?

1/
கொஞ்சம் நீளமான பதிவு. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்து மக்கள் தயவுசெய்து கடைசி வரை படிங்க. நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். அரசு ஊழியன் என்பதால எந்த ஆபீசையும், எந்த அதிகாரியையும் பேர் சொல்லப் போறதில்லை. ஆனா நைட் டியூட்டியில திரும்பத் திரும்ப பார்க்கிறதைப் பேசாம இருக்கவும் முடியல.

2/
ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நைட், ஒன்பது மணி இருக்கும். ஷூ கம்பெனியில ஸ்டிச்சிங் வேலை பார்க்கிற அம்மா, முப்பத்தஞ்சு வயசுக்குள்ள. ஓ.டி. முடிஞ்சு கம்பெனி பஸ் மெயின் ரோட்டுல இறக்கி விட்டிருக்கு. கணவர் பைக்ல கூட்டிட்டுப் போயிருக்கார். ஊருக்குள்ள திரும்புற இடத்துல ஒரு வேகத்தடை. தெருவிளக்கு எரியல. பெயிண்ட் இல்லை. போர்டு இல்லை. வண்டி தூக்கிப் போட்டதுல, ஒரு பக்கமா உட்கார்ந்திருந்த அம்மா கீழ விழுந்து தலையோட இடது பக்கம் தார் ரோட்டுல மோதியிருக்கு.

3/
கணவருக்கு முழங்கையில சிராய்ப்பு, அவ்வளவுதான். ஹெல்மெட் போட்டிருந்தார். ஸ்ட்ரெச்சர் பக்கத்துலேயே நின்னுக்கிட்டு சொன்னார்:

"சார், ரெண்டு வாரம் முன்னாடிதான் ஆயிரம் ரூபா ஃபைன் கட்னேன். அதுலேர்ந்து ஹெல்மெட் இல்லாம நான் வண்டியே எடுக்கறதில்ல சார். இவளுக்கும் ஒண்ணு வாங்கணும்னு தோணவே இல்ல. யாரும் கேக்கவும் இல்ல சார்."

4/
மூச்சுப்பாதையைப் பார்த்து, கழுத்துக்கு காலர் போட்டு, 108-ல ஏத்தி அடுக்கம்பாறைக்கு அனுப்பினோம். ஆபரேஷன் நடந்துச்சு. பொழைச்சுட்டாங்க. ஆனா வலது கையில பிடிப்பு இன்னும் வரல. மூளையோட இடது பக்கம் அடிபட்டா வலது கை கால் போகும். அவங்க மெஷின்ல ஷூ அப்பர் தைக்கிறவங்க. அந்தக் கைதான் அவங்க சம்பளம்.

5/
உடனே யாரும் "பாருங்க, டாக்டரே ஹெல்மெட் ஃபைன் வேணாங்கிறாரு"ன்னு ஸ்கிரீன்ஷாட் போடாதீங்க. நான் அப்படிச் சொல்லல.

ஹெல்மெட் தலைக்காய ஆபத்தை சுமார் 69%, மரண ஆபத்தை சுமார் 42% குறைக்குதுன்னு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2008-லேயே சொல்லிடுச்சு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ல ஹெல்மெட் போடாம இறந்தவங்க 50,029 பேர். அதுல 14,337 பேர் பின்னாடி உட்கார்ந்து போனவங்க. நம்ம ஊர்ல பின்னாடி உட்கார்றது பெரும்பாலும் யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

6/
சட்டமும் தெளிவா இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 129: நாலு வயசுக்கு மேல, ஓட்டுறவங்க, பின்னாடி உட்கார்றவங்க எல்லாரும் ஹெல்மெட் போடணும். பிரிவு 194டி: மீறினா 1000 ரூபாய். தமிழ்நாட்டுல 100 ரூபாயா இருந்ததை 2022 அக்டோபர்ல 1000 ஆக்கினாங்க. சரிதான். நான் ஆதரிக்கிறேன்.

என் சண்டை வேற.

7/
இந்தச் சட்டம் நம்ம ஊர்ல எப்படி அமல் ஆகுது? டவுனுக்குள்ள நுழையற இடத்துல, தெரிஞ்ச நேரத்துல, தெரிஞ்ச மரத்தடியில. நூறு மீட்டர் முன்னாடி, கண்ணாடியில மாட்டியிருந்த ஹெல்மெட் தலைக்கு வரும். நூறு மீட்டர் தாண்டினதும் திரும்ப கண்ணாடிக்குப் போயிடும். முன்னாடி இருக்கிறவன் தலையைத்தான் பார்ப்பாங்க. பின்னாடி கைக்குழந்தையோட உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பார்க்க மாட்டாங்க.

அந்த செக்கிங் இடத்துக்கு நாலு கடை தள்ளியே பிளாட்பாரத்துல 250 ரூபாய்க்கு ஒரு "ஹெல்மெட்" விக்குது. 2021 ஜூன் 1-லேர்ந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டைத் தயாரிக்கிறதும் விக்கிறதும் குற்றம். வாங்கினவனை நிறுத்துறோம். வித்தவனை யாரும் நிறுத்தல.

8/
இன்னொரு விஷயம். நைட் டியூட்டியில போலீஸ்காரங்க குடிச்சிட்டு ஓட்டினவங்களைக் கூட்டிட்டு வருவாங்க, சான்றிதழுக்காக. மூச்சு வாடை, கண் பாப்பா, நடை, பேச்சு எல்லாம் பார்த்து, தேவைப்பட்டா ரத்தம் எடுத்து அனுப்பி, நான் கையெழுத்து போடுவேன். அந்த வேலை சரியாவே நடக்குது. நடக்கணும்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் போடுற ஒவ்வொரு கையெழுத்தும் ஓட்டினவனைப் பத்தினது. ரோட்டைப் பத்தி ஒரு சான்றிதழ் கொடுங்க டாக்டர்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லை.

9/
அந்த வேகத்தடை எப்படி வந்துச்சுன்னு பின்னாடி விசாரிச்சேன். நம்ம பக்கத்துல பாதி வேகத்தடைகளோட கதை இதுதான்.

முதல்ல ஒரு குழந்தை அடிபடும். அல்லது ஒரு பெரியவர். ஊர் ஜனங்க ரோட்டுல உட்கார்ந்து மறியல் பண்ணுவாங்க. அதிகாரிங்க வருவாங்க. பேச்சுவார்த்தை. "வேகத்தடை போட்டுத் தர்றோம்." மறியல் கலையும். ஒரே ராத்திரியில ஜல்லியும் தாரும் கொட்டி ஒரு மேடு வரும். சில ஊர்ல அதுக்கும் ஆள் வராம, மக்களே காசு போட்டு சிமென்ட்ல கட்டிக்கிறாங்க.

அதோட எல்லாரும் அதை மறந்துடுவாங்க. பெயிண்ட் அடிக்கிறவன் வரமாட்டான். போர்டு நடுறவன் வரமாட்டான்.

10/
மக்கள் மேல எனக்குக் கோபம் இல்லை. குழந்தையைப் பறிகொடுத்த தெரு வேற என்ன கேக்கும்? கையில எட்டுற ஒரே மருந்து அதுதான். ஆனா அளவு தெரியாம கொடுத்தா மருந்தும் விஷம்தான். முதல் சாவுக்கு ஆறுதலாப் போட்ட மேடு ரெண்டாவது ஆளைத் தூக்கிப் போடுது. அந்த ரெண்டாவது ஆளைத்தான் நான் டியூட்டியில பார்க்கிறேன்.

11/
வேகத்தடைக்கு அளவு இருக்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஐ.ஆர்.சி. 99-ன்னு ஒரு வழிகாட்டியே வெச்சிருக்கு. உயரம் 10 செ.மீ. அகலம் 3.7 மீட்டர், அதாவது மெதுவா ஏறி மெதுவா இறங்கணும். மேல கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்கணும். 40 மீட்டர் முன்னாடி எச்சரிக்கைப் பலகை வைக்கணும்.

இப்ப உங்க ஊர் வேகத்தடையை மனசுல கொண்டு வாங்க. ஒரு அடி அகலத்துல படுத்திருக்கிற எருமை முதுகு மாதிரி இருக்கா? அது வேகத்தடை இல்ல. ரோட்டுல போட்ட தடைக்கல்.

12/
சரி, இதுக்குத் தண்டனை இல்லையா? இருக்கு. பல வக்கீல் நண்பர்களுக்கே தெரியல.

பிரிவு 198ஏ. 2019 திருத்தத்துல வந்தது. சாலையை வடிவமைக்கிற, போடுற, பராமரிக்கிற அதிகாரியோ கான்ட்ராக்டரோ பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாம விட்டு, அதனால உயிரோ உடல் உறுப்போ போனா, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

194டி, 198ஏ ரெண்டும் ஒரே திருத்தச் சட்டத்துல வந்த பிரிவுகள். ஒண்ணு மரத்தடியில தினமும் ரசீது போடுது. இன்னொண்ணு நம்ம பக்கத்துல பயன்பட்டு நான் பார்த்ததும் இல்ல, கேட்டதும் இல்ல.

13/
"அந்த இடம் பிளாக் ஸ்பாட் லிஸ்ட்ல இல்லையே டாக்டர்"னு ஒரு பதில் வரும்.

எப்படி இருக்கும்? மத்திய அமைச்சகம் 2015-ல வகுத்த வரையறையே தேசிய நெடுஞ்சாலைக்குத்தான். 500 மீட்டர் நீளத்துல, மூணு வருஷத்துல, உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து 5, அல்லது 10 மரணம். பள்ளிகொண்டாவுல சென்னை–பெங்களூரு ரோட்டுல விழுந்தா நீங்க கணக்குல வருவீங்க. பரதராமி ரோட்டுலேர்ந்து பிரியுற பஞ்சாயத்து ரோட்டுல விழுந்தா அந்தக் கணக்குல வரமாட்டீங்க. ஆனா 2022-ல சாலை விபத்து மரணங்கள்ல சுமார் 68% கிராமப் பகுதியிலதான்.

14/
எங்க விழறாங்கன்னு தெரிஞ்சுக்க பெரிய ஆராய்ச்சி எதுவும் வேணாம். ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலயும் ஏ.ஆர்.னு ஒரு ரிஜிஸ்டர் இருக்கு. விபத்துப் பதிவேடு. யார், எப்ப, எங்க, எப்படி விழுந்தார்னு டாக்டர் கைப்பட எழுதணும். அதோட காப்பி போலீசுக்குப் போகும், எஃப்.ஐ.ஆருக்காக. இன்சூரன்ஸ்காரங்க கேப்பாங்க. கோர்ட் கேக்கும்.

எல்லாரும் ஒரு பக்கத்தைத்தான் கேக்கறாங்க. மொத்த நோட்டையும் எடுத்து, "இந்த ஆறு மாசத்துல ஒரே இடத்துல எத்தனை பேர் விழுந்திருக்காங்க?"ன்னு பார்த்தவங்க யாரையும் நான் சந்திக்கல.

15/
இதைக் கம்ப்யூட்டர்ல செய்யவும் ஏற்பாடு இருக்கு. ஐராட்னு மத்திய அரசோட விபத்துத் தரவுத்தளம். உருவாக்கினது நம்ம சென்னை ஐ.ஐ.டி. போலீஸ், போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரம் எல்லாத் துறையும் ஒரே விபத்தை அவங்கவங்க பக்கத்துலேர்ந்து பதிவு பண்ணலாம். திட்டம் அருமை. ஆனா பதிவு பண்றதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சா, அதுவும் இன்னொரு ஏ.ஆர். நோட்டுதான்.

16/
டவுனுக்குள்ள இருக்கிற ரோட்டுக்கும் இதே நியாயம்தான். காதணி விழா பேனர், கட்சி பேனர் எல்லாம் வளைவுல நின்னு எதிர்ல வர்ற வண்டியை மறைக்குது. 2019 செப்டம்பர்ல பள்ளிக்கரணையில அனுமதியில்லாத பேனர் சரிஞ்சு, ஸ்கூட்டர்ல போன இளம்பெண் லாரியில அடிபட்டு இறந்தப்போ தமிழ்நாடே கொதிச்சுது. கொதிப்பு அடங்கினதும் பேனர் திரும்பிடுச்சு. தள்ளுவண்டிக்காரரை விரட்ட வர்ற நகராட்சி வண்டி, அந்தப் பேனரைத் தாண்டித்தான் வருது.

17/
"ஆள் இல்ல, நிதி இல்ல, துறைகளுக்குள்ள ஒத்துழைப்பு இல்ல." இதுவும் அடிக்கடி வர்ற பதில்.

வைகாசி 1-ஆம் தேதி கெங்கையம்மன் சிரசு அன்னிக்கு நம்ம ஊரைப் பாருங்க. அவ்வளவு ஜனம் வருது. போலீஸ், நகராட்சி, மின்வாரியம், எங்க துறை எல்லாம் ஒண்ணா நிக்குது. தடுப்பு போடுறாங்க, வண்டியைத் திருப்பி விடுறாங்க, விளக்கு எரியுது, 108 தயாரா நிக்குது. ஒரு நாள் முடியுதுன்னா முடியும்னுதானே அர்த்தம்? வேகத்தடைக்குப் பெயிண்ட் அடிக்க அவ்வளவு ஆள் வேணாம். ரெண்டு பேர், ஒரு டப்பா, ஒரு பிரஷ் போதும்.

18/
நான் கேக்கறது மூணுதான்.

ஒண்ணு: ஹெல்மெட் செக்கிங்ல பின்னாடி இருக்கிற தலையையும் பாருங்க. முதல் தடவை எச்சரிக்கை கொடுத்தாலும் பரவாயில்ல, பாருங்க. கிராமத்து ரோட்டுலயும் நில்லுங்க.

ரெண்டு: மாசம் ஒரு நாள், ஏ.ஆர். பதிவேட்டுலேர்ந்து விழுந்த இடங்களோட பட்டியலை எடுத்து, போலீசும் ரோட்டைப் பராமரிக்கிறவங்களும் உட்கார்ந்து பாருங்க. பேஷண்ட் பேர் வேணாம், இடம் மட்டும் போதும். எழுதிக் கொடுக்க நான் ரெடி.

மூணு: ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கணும். யார் போட்டது, யார் பெயிண்ட் அடிக்கணும், எப்ப. பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல எழுதி வைங்க.

19/
மக்கள் கையிலயும் வேலை இருக்கு. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்க ஊர் வேகத்தடையை ராத்திரியில போட்டோ எடுங்க. மனுவோட சேர்த்துக் கொடுத்து தீர்மானம் போடச் சொல்லுங்க. அதுல பிரிவு 198ஏ-ன்னு ஒரு வரி எழுதுங்க. எழுத்துல போய்ட்டா அப்புறம் "எங்களுக்குத் தெரியாது"ன்னு சொல்ல முடியாது.

20/
விபத்தைப் பார்த்தா பயப்படாம தூக்குங்க. பிரிவு 134ஏ உதவி பண்றவங்களைப் பாதுகாக்குது. பேர், விலாசம் சொல்லச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை அரசு செலவு. தனியார் மருத்துவமனையா இருந்தாலும், திட்டத்துல சேர்ந்திருந்தா போதும். கழுத்தை அசைக்காதீங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க. 108.

21/
போன வாரம் அந்த அம்மா கணவரோட வந்திருந்தாங்க. பைக்ல ரெண்டு ஹெல்மெட் தொங்குச்சு.

"சார், கை எப்போ சரியாவும்? கம்பெனியில இடம் வெச்சிருப்பாங்களா?"ன்னு கேட்டாங்க. முதல் கேள்விக்கு பிசியோதெரபி பத்திச் சொன்னேன். ரெண்டாவதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

வெளிய போகும்போது கணவரைத் தனியாக் கூப்பிட்டு, அந்த வேகத்தடைக்குப் பெயிண்ட் அடிச்சாச்சான்னு கேட்டேன்.

"இல்ல சார். அங்க வர்ற வண்டிங்களுக்கு நானேதான் செல்போன் லைட் அடிச்சுக் காட்டினு இருக்கேன்."

ஃபைனும் கட்டி, மனைவியோட கையையும் கொடுத்த மனுஷன், ராத்திரியில நின்னு ரோட்டைக் காவல் காக்குறார். அந்த இடத்துல நிக்க வேண்டியவங்க இதைப் படிச்சா, இந்த வாரமே ஒரு டப்பா பெயிண்டோட அங்க போங்க. அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும்.