நரைத்த பிறகும் பொம்மைப் படம்

என் மீசை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. நான் டெலிவிஷனில் பொம்மைப் படம் பார்க்கிறேன். ஒளித்து மறைத்துப் பார்ப்பதில்லை. கூடத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வாசற்கதவு திறந்திருக்கவே பார்க்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் ஒரு ஜப்பானியப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் உள்ளே வந்தார். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர், நல்ல ரசிகர், என் நாவல்களைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவதற்காகவே மாம்பலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர். திரையை ஒருமுறை பார்த்தார்; என்னை ஒருமுறை பார்த்தார்.

"என்னய்யா, பொம்மைப் படமா? வீட்டுக்குக் குழந்தைகள் யாராவது வந்திருக்கிறார்களா?"

"யாரும் இல்லை. நான்தான் பார்க்கிறேன்."

"இன்னுமா?" என்றார்.

அந்த 'இன்னுமா' என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு சித்தாந்தமே அடங்கியிருக்கிறது. பால்பல் விழுவதுபோலச் சில பிரியங்கள் உரிய வயதில் தாமாகவே விழுந்துவிட வேண்டும். விழாவிட்டால் வளர்ச்சியில் ஏதோ கோளாறு என்பது அதன் பொருள். இந்தச் சட்டத்தை இயற்றியது யார்?

'டாம் அண்ட் ஜெர்ரி' என்றதும் குழந்தைகளின் பால்புட்டி ஞாபகம் வருகிறது நமக்கு. 1940-ல் ஹன்னாவும் பார்பெராவும் அந்தப் பூனையையும் எலியையும் படைத்தது சினிமாக் கொட்டகைக்காக. பெரிய படத்துக்கு முன்னால், சிகரெட் புகைக்கு நடுவே, காசு கொடுத்து வந்த பெரியவர்கள் பார்த்துச் சிரித்த படங்கள் அவை. ஏழு ஆஸ்கார் பரிசுகள் வாங்கின. அதே இருவர் 1960-ல் டெலிவிஷனுக்காக 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரைத் தயாரித்தபோது, அது ராத்திரி வேளையில் ஒளிபரப்பாயிற்று. ஆரம்ப வருஷங்களில் அதற்குப் பணம் கொடுத்த விளம்பரதாரர்களில் ஒருவர் வின்ஸ்டன் சிகரெட்காரர்! குழந்தைகளுக்கு என்று நினைத்தா சிகரெட் விற்றார்கள்? பிற்பாடுதான் அமெரிக்க டெலிவிஷன்காரர்கள் கணக்குப் போட்டு, கார்ட்டூன்களையெல்லாம் சனிக்கிழமைக் காலையில் கொண்டுபோய் அடைத்தார்கள். வியாபாரி ஒருவன் தன் சௌகரியத்துக்காகச் சரக்கை எந்த அலமாரியில் வைத்தானோ, அதுவே அந்தச் சரக்கின் தகுதி என்று நம்புகிற படித்தவர்களை என்னவென்று சொல்வது?

நண்பர் வந்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்த படம் 'மின்மினிகளின் கல்லறை'. இசாவோ தகஹாதா 1988-ல் எடுத்தது. கோபே நகரத்தில் குண்டு விழுந்து தாயை இழந்த ஒரு பையனும், நாலு வயதுத் தங்கை செட்ஸுகோவும் பட்டினியால் சாகிற கதை. அகியுகி நோசாகா என்ற எழுத்தாளர் 1967-ல் எழுதியது. யுத்த காலத்தில் அவருடைய கையிலிருந்த சிறு தங்கை உண்மையிலேயே போதிய உணவின்றி மாண்டுபோனாள். அந்தக் குற்ற உணர்ச்சிதான் கதையாயிற்று. தகஹாதாவும் யுத்தத்தைப் புத்தகத்தில் படித்தவரல்லர். ஒன்பது வயதில் ஒகயாமா நகரம் எரிந்தபோது அதிலிருந்து ஓடித் தப்பியவர்.

இந்தக் கதையை நடிகர்களை வைத்து எடுக்க நோசாகாவைப் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கரிந்த பூமியை மறுபடி உண்டாக்க முடியாது, வயிறு நிறைந்த இக்காலத்துக் குழந்தைகளால் அந்தப் பிள்ளைகளாக நடிக்கவும் முடியாது என்பது அவர் அபிப்பிராயம். சித்திரத்தின் முன்வரைவுகளைப் பார்த்த பிறகுதான், இதைத் தவிர வேறு வழியில் எடுத்திருக்க முடியாது என்று கண்டார். பசியில் மயங்கிய செட்ஸுகோ மண்ணை உருட்டி, சோற்று உருண்டை என்று அண்ணனுக்குக் கொடுக்கிறாள். ஒரு நிஜக் குழந்தையை அந்த நிலையில் காமிராவுக்கு முன் நிறுத்தினால், 'ஐயோ, பாவம், எப்படி நடிக்கிறது!' என்று நம் மனம் குழந்தை நடிகையிடம் போய்விடும். கோட்டோவியத்தில் அந்தத் தப்பும் வழி இல்லை. அங்கே செட்ஸுகோவைத் தவிர வேறு யாரும் இல்லை.

இனி, எனக்கே உறுத்துகிற ஒரு விஷயம். இந்தப் படத்தைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு தம்பதியிடம் நான் வாயாரப் புகழ்ந்தேன். யாருக்கான படம் என்று சொல்லவில்லை. பொம்மைப் படம்தானே என்று அவர்கள் ஆறு வயதுப் பெண்ணை அதன் முன் உட்கார்த்திவிட்டு, சமையற்கட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தக் குழந்தைக்கு ஒரு கைக்குழந்தைத் தம்பி உண்டு. அதற்குப் பிறகு பல நாட்கள் அவள் தன் தட்டிலிருந்து இட்லித் துண்டுகளை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தாளாம். கேட்டால், "தம்பிக்கு" என்றாளாம். அவள் தாயார் இதைச் சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 'பொம்மைப் படம்' என்ற அலட்சியம் என்னைப் போன்றவனைக் கேலி செய்வதோடு நின்றால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன்.

என் கட்சிக்காரர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. இன்றைய இளைஞர்கள் சிலர், "இது கார்ட்டூன் இல்லை ஸார், அனிமே! பெரியவர்களுக்கானது!" என்று மார் தட்டுகிறார்கள். எதைக் காட்டி? வெட்டுண்ட தலைகளையும் பீறிடும் ரத்தத்தையும் காட்டி! ஜப்பானில் தயாராவதில் முக்கால்வாசி நம் ஊர் மூன்றாந்தர மசாலாப் படத்துக்கு அண்ணன் தம்பிதான். ரத்தம் தெறித்தால் பெரியவர்களுக்கு, முயல் வந்தால் குழந்தைகளுக்கு என்பது என் பேராசிரியர் போடும் அதே கணக்கு. கூட்டலைக் கழித்தலாக்கியிருக்கிறார்கள், அவ்வளவே.

'மின்மினிகளின் கல்லறை'யோடு அதே நாளில் ஜோடியாகத் திரையிடப்பட்ட படம் மியாசாகியின் 'என் அண்டைவீட்டு டோட்டோரோ'. அதில் ரத்தமும் இல்லை, வில்லனும் இல்லை. தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இரண்டு சிறுமிகள் மழையில் பஸ் நிறுத்தத்தில் அப்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள். தூங்கிவிட்ட தங்கையை அக்காள் முதுகில் சுமக்கிறாள். பக்கத்தில் ஒரு பெரிய உருவம் வந்து நிற்கிறது. அக்காள் குடையைக் கொடுக்கிறாள். அதன்மேல் சொட்டும் நீரின் ஓசையில் அந்த உருவம் சொக்கிப்போகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. மியாசாகியின் தாயாரும் அவர் சிறுவனாக இருந்தபோது முதுகெலும்பு க்ஷயத்தால் வருஷக்கணக்கில் படுத்தவர். பத்து வயதில் பார்ப்பவனுக்கு அந்தப் பிராணி தெரியும். நாற்பதுக்கு மேல் பார்ப்பவனுக்கு, வராத பஸ் தெரியும். எனக்கு இரண்டும் தெரிகின்றன என்றால் இதில் எங்கே இருக்கிறது வளர்ச்சிக் குறைவு?

ஐம்பது வயதுக் கதாநாயகன் நாற்பது பேரை ஒரே கையால் காற்றில் பறக்கவிடுவதை என் பேராசிரியர் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார். அதைக் குழந்தைத்தனம் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. போகட்டும். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பரணில் ஏறிப் பெட்டியை இறக்குகிறவரும் அவர்தான். மரப்பாச்சிக்குப் பட்டுத் துணி சுற்றி, செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசி பருப்புப் பரப்பி, இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, "கொஞ்சம் இடதுபக்கம் தள்ளு" என்று மனைவிக்குச் சொல்லுவார். எழுபது வயதில். நான் ஒரு நாளும் "இன்னுமா?" என்று கேட்டதில்லை, அந்த வேளையில் அவர் முகம் பார்க்க நன்றாக இருக்கும்.

வேண்டுமானால் பேரனை அனுப்பிவைப்பதாக அன்று சொல்லிவிட்டுப் போனார். தாராளமாக அனுப்பட்டும், ஆனால் தாமும் கூட வரவேண்டும். 'மின்மினி'யைப் போடமாட்டேன், 'டோட்டோரோ'தான். வருகிற ஞாயிறு நாலு மணி. காப்பி உண்டு.