நீருக்கும் ஒரு பாடு

பழவேற்காட்டுக்குச் செல்லும் நம்மைப் போன்ற வாசகர்கள் பெரும்பாலும் டச்சுக் கல்லறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். எலும்புக்கூடுகள் செதுக்கிய அதன் வாயிலைப் பற்றியும், 1613இல் எழுந்து பின்னர் அழிந்த கெல்ட்ரியா கோட்டையைப் பற்றியும் நிறையவே எழுதியாயிற்று. அதே ஏரியின் ஆந்திரப் பகுதியில், சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்ச் சாலையைப் பற்றி நாம் எழுதியதில்லை. ஏரியின் இன்றைய வாழ்வோடு கோட்டையை விட அதிகத் தொடர்புடையது அச்சாலை.

1971 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. 2023இல் சந்திரயான்-3 புறப்பட்டதும் அங்கிருந்துதான். அத்தீவுக்கான சாலை ஏரியின் குறுக்கே மண்கரையாக எழுப்பப்பட்டது. குளிர்காலத்தில் அதன் இருபுறமும் நிற்கும் பூநாரைகளைக் கண்டு நாம் மகிழ்கிறோம். இருபுறத்து நீரும் தடையின்றிக் கலக்கிறதா என்று கேட்பதில்லை.

உவர்நீர் ஏரிக்கு உயிர் கடலிலிருந்து வருகிறது. முகத்துவாரம் வழியே ஏறும் ஓதம் உள்ளே பரவினால்தான் மீனும் இறாலும் வளரும். கரையிலுள்ள சில மதகுகள் மட்டுமே அந்த ஓட்டத்துக்குப் போதா. நீர் தேங்கும் இடத்தில் வண்டல் படியும், ஆழம் குறையும். அங்கே மீன் குறைந்தால், வலைகள் மீன் இருக்கும் இடத்தைத் தேடி நகரும். கரையோரக் குப்பங்களுக்கு இடையே பூசலும் வரும்.

சாலையே கூடாது என்பதல்ல நமது வாதம். தீவில் வாழ்வோருக்கும் ஏவுதளத்துக்கும் அது தேவை. ஆனால் அடுத்த முறை அதை அகலப்படுத்தும்போது, மண்கரையின் கணிசமான பகுதியையாவது தூண்கள் மீது நிற்கும் பாலமாக மாற்ற வேண்டும். ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000ஆம் ஆண்டு புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டதும் மீன்வளம் மீண்டதை நாம் அறிவோம். நீருக்கு வழிவிட்டால் ஏரி பிழைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. இறால் கிடைக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் முறையில் மற்றவர் வலை இறங்காது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தச் சாலை தன் முறையை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது. இனி நீரின் முறை.