வளையல் இறுகியபோது

போன தை மாதம் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. கூடம் நிறைய உறவு. கை நிறையக் கண்ணாடி வளையல். இலை நிறையப் புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல். பெண் ஒரு வாய் எடுத்து வைப்பதற்குள் கூடத்தில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிட்டன.

“நன்றாகச் சாப்பிடம்மா! இனி நீ சாப்பிடுவது இரண்டு உயிருக்கு” என்று சர்க்கரைப் பொங்கலை இன்னொரு கரண்டி வைத்தார், அவளுடைய மாமியார்.

“வேண்டாம், சம்பந்தியம்மா! பிள்ளை பெரிசாகிவிட்டால் கத்தியைத் தூக்கிவிடுவார்கள். அரை வயிறு சாப்பிட்டால் போதும். சிறிசாகப் பெற்றுப் பெரிசாக வளர்த்துக்கொள்ளலாம்” என்று தடுத்தார், எங்கள் அத்தைப் பாட்டி.

நடுவில் அகப்பட்டுக்கொண்ட பெண், “சித்தி, நீங்கள்தான் பத்திரிகையில் எழுதுகிறீர்களே! எது சரி?” என்று கண்ணாலேயே கேட்டாள்.

இரண்டுமே சரியில்லை. ஆனால் அன்றைக்கு, அத்தனை பெரியவர்கள் முன்னால் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று சொல்கிறேன். இன்று ஏன் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், ஏறுகிற எடை எங்கே போகிறது? மளிகைக் கணக்கைப் போல இதையும் எழுதிப் பார்த்துவிடலாம். ஒரு தாய்க்குப் பத்து மாதத்தில் 12½ கிலோ ஏறியதென்று வைத்துக்கொள்வோம். அதில் குழந்தை சுமார் 3¼ கிலோ. நஞ்சும் பனிக்குட நீரும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. வளர்ந்த கர்ப்பப்பை ஒரு கிலோ. மார்பகங்கள் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. புதிதாக ஊறிய ரத்தம் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உடம்பில் தங்கும் நீர் ஒன்றரைக் கிலோ. மீதி சுமார் 3¼ கிலோ கொழுப்பு. இந்தக் கொழுப்பும் வீண் இல்லை. பின்னால் பால் கொடுப்பதற்காக இயற்கை முன்கூட்டியே பானையில் போட்டு வைக்கும் சேமிப்பு அது.

ஆகவே, “பத்துக் கிலோ ஏறிவிட்டதே, குண்டாகிவிட்டேனே!” என்று கண்ணாடி முன் நின்று கண் கலங்க வேண்டியதில்லை. “பத்துக் கிலோவும் குழந்தைதான்” என்று பூரித்துப் போகவும் வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் பாட்டிமார்கள் மட்டும் தவறியவர்கள் அல்ல. டாக்டர்களும் தவறியிருக்கிறார்கள். 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் பல டாக்டர்கள், ஒன்பது கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது என்று கர்ப்பிணிகளுக்குக் கடிவாளம் போட்டார்கள். 1970-ல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு ஒன்று, இந்தக் கட்டுப்பாடு கூடாது, சராசரியாக 11 கிலோ ஏறலாம் என்று சொன்ன பிறகே பிடி தளர்ந்தது.

அரை வயிற்றுக்கு என்ன பலன் என்பதை ஒரு பஞ்சம் உலகுக்குக் காட்டியது. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியரின் பிடியில் இருந்த மேற்கு ஹாலந்தில் உணவு வராமல் மக்கள் பட்டினி கிடந்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அந்தப் பஞ்சத்தில் அகப்பட்ட தாய்மார்களின் குழந்தைகள், சராசரியாகச் சுமார் 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. குழந்தை சிறியதாயிற்று, வாஸ்தவம். ஆனால் சிறிய குழந்தை என்றால் சுகப் பிரசவம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பிறக்கும்போது 2½ கிலோவுக்குக் குறைவாக இருக்கும் குழந்தை, உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளவும் பால் குடிக்கவும் கூடச் சிரமப்படும். நோயும் எளிதில் தொற்றும்.

அதற்காக இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தி சாப்பிடலாமா? கூடாது. முதல் மூன்று மாதம் ஆகாரத்தின் அளவைக் கூட்டவே வேண்டியதில்லை. மசக்கையில் ஓரிரு கிலோ குறைந்தாலும் பல பேருக்குப் பின்னால் சரியாகிவிடும். ஆனால் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தால் டாக்டரிடம் போக வேண்டும். நாலாம் மாதத்திலிருந்து நாளைக்குச் சுமார் 350 கலோரி கூடுதலாகப் போதும். நம் வீட்டுப் பாஷையில் சொன்னால் இரண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான் இரண்டாவது உயிரின் பங்கு! அளவுக்கு மேல் எடை ஏறினால், குழந்தை மிகப் பெரிதாகி, அத்தைப் பாட்டி பயந்த அதே ஆபரேஷனில் கொண்டுபோய் விடலாம். பிரசவத்துக்குப் பிறகு அந்த எடை இறங்குவதும் கஷ்டம்.

எவ்வளவு ஏறலாம்? அது கர்ப்பம் தரிக்குமுன் இருந்த உடம்பைப் பொறுத்தது. எடையை கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எழுதிக்கொள்ளுங்கள். எடையை உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். எங்கள் பெண்ணின் எடை 52 கிலோ, உயரம் 1.58 மீட்டர். விடை ஏறக்குறைய 21. அமெரிக்காவில் 2009-ல் வெளியிட்ட அளவுகளின்படி, விடை 18½-க்குக் குறைவானால் 12½ முதல் 18 கிலோ வரை ஏறலாம். 18½ முதல் 25-க்குள் என்றால் 11½ முதல் 16. 25 முதல் 30-க்குள் என்றால் 7 முதல் 11½. அதற்கு மேலானால் 5 முதல் 9. நம் நாட்டு உடல்வாகுக்கு 23-ஐத் தாண்டினாலே கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும் என்பது இங்குள்ள டாக்டர்கள் கருத்து. இரட்டைக் குழந்தையானால் கணக்கே வேறு. உங்கள் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது. எவ்வளவு பருமனாக இருந்தாலும், கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்து இளைக்க முயல வேண்டாம்.

சரி, இன்று ஏன் எழுதுகிறேன்?

எங்கள் பெண் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில், பலகாரத்துக்கு முன்னால், ஒரே மெஷினில் எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வந்தாள். வாரத்துக்கு 400 கிராம் போல ஏறிக்கொண்டிருந்தது. பங்குனி பிறந்த வாரம், வளைகாப்பில் வழுக்கிக்கொண்டு ஏறிய வளையல்கள் மணிக்கட்டில் இறுகின. முகம் உப்பினாற்போல் ஆயிற்று. “பூசினாற்போல் ஆகிவிட்டாள். பிள்ளை நன்றாக வளர்கிறது” என்று என் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். சோப்புத் தண்ணீர் போட்டு வளையலைத் தளர்த்தலாம் என்று யோசனை கூடச் சொன்னாள்.

பெண் காலண்டரைப் பார்த்தாள். முந்தின ஞாயிறு 61. இந்த ஞாயிறு 63½. ஒரே வாரத்தில் இரண்டரைக் கிலோ! இது சோறும் அல்ல, பிள்ளையும் அல்ல என்று அவளுக்குத் தோன்றிற்று. தலைவலி வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்த அழுத்தம் 150-க்கு 100. சிறுநீரில் புரதம்.

இதற்குத்தான் பிரிஎக்ளாம்ப்ஸியா என்று பெயர். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வரக்கூடியது. கவனிக்காமல் விட்டால் ஜன்னி கண்டு தாய், சேய் இருவர் உயிருக்குமே ஆபத்தாகலாம். சாயங்காலத்தில் கால் வீங்குவது பல கர்ப்பிணிகளுக்குச் சகஜம். ஆனால் கையும் முகமும் திடீரென்று வீங்கினால், விடாத தலைவலி இருந்தால், கண் மங்கினால், மேல் வயிறு வலித்தால், அடுத்த செக்கப்வரை காத்திருக்கக் கூடாது. எடை ஏறாமலும் இந்த நோய் வரலாம். ஆதலால் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்து கொடுத்து, இரவு பகலாகக் கவனித்து, முப்பத்தேழாவது வாரத்தில் பிரசவம் பார்த்தார்கள். ஆண் குழந்தை. 2 கிலோ 600 கிராம். தாயும் சேயும் சௌக்கியம்.

அந்தக் காலண்டர் தாளை என் அக்கா கிழித்து எறியாமல் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள். இரண்டு கட்சிகளும் இப்போது சமாதானம் ஆகிவிட்டன என்றா நினைக்கிறீர்கள்? குழந்தை யார் ஜாடை என்பதில் புதுச் சண்டை ஆரம்பமாகியிருக்கிறது. அதில் மட்டும் நான் வாயைத் திறப்பதாக இல்லை!