குளிசையும் கண்ணும்

தொண்ணூறுகளில் மலேரியாவுக்காகக் குளோரோகுயின் குளிசையை விழுங்கிய கசப்பை எம்மிற் பலர் இன்னும் மறக்கவில்லை. 2016 இல் எமது நாடு மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. ஆனால் அக்குளிசையின் உறவான ஹைட்ரொக்சிகுளோரோகுயின், மூட்டுவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் இன்றும் கொடுக்கப்படுகின்றது. நல்ல மருந்துதான். எனினும் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு.

மலேரியாவுக்காகச் சில நாட்கள் எடுத்ததால் கண் கெடுவதில்லை. ஆண்டுக்கணக்காக நாள்தோறும் எடுக்கும்போது மருந்து விழித்திரையின் பின்னுள்ள நிறப்படையிற் சேர்கின்றது. பார்வைக் கலங்கள் மெல்ல அழிகின்றன. விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்களும் சிலரில் ஐதாவதை இன்றைய கருவிகள் காட்டுகின்றன. ஆரம்பத்தில் நோயாளிக்கு எதுவும் தெரியாது. தெரியவரும்போது இழந்த பார்வை மீளாது.

இவ்வாபத்து 1959 இலிருந்தே அறியப்பட்டது. சரியான அளவில் எடுப்போரில் முதல் 5 ஆண்டுகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே பாதிப்பு ஏற்படுகின்றது. 20 ஆண்டுகளின் பின் அது ஐந்தில் ஒருவர் அளவுக்கு உயர்கின்றது. ஆகவேதான் முதலாண்டில் ஒரு கண் பரிசோதனையும், 5 ஆண்டுகளின் பின் ஆண்டுதோறும் பரிசோதனையும் வேண்டும் என்கின்றனர். உலர்வலய விவசாயிகளிடையே பரவலாகவுள்ள சிறுநீரக நோய் இருந்தால் இன்னும் முந்தியே தொடங்க வேண்டும்.

இங்கேதான் எமது கவலை. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஒவ்வோரிடத்திலும் புதிய கிளினிக், புதிய கொப்பி. பழைய கொப்பி வீட்டோடு போய்விட்டது. பத்தாண்டு குளிசை எடுத்த அம்மா, புதிய வைத்தியரின் முன் நேற்றுத் தொடங்கியவர் போல நிற்கிறார். 5 ஆண்டுக் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகின்றது. இது அவருடைய தவறல்ல. எத்தனை ஆண்டுகளாக எடுக்கிறீர்கள் என்று கேட்பது கிளினிக்கின் கடமை என்பதே எமது கருத்து.

நாமும் செய்யக்கூடியது உண்டு. தொடங்கிய ஆண்டு, நாளாந்த அளவு, உடல் நிறை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருப்போம். கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பது நல்லது. 50 கிலோ நிறையுள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 250 மில்லிகிராம். 200 மில்லிகிராம் குளிசையில் நாள்தோறும் இரண்டு எடுப்பவராயின் வைத்தியரிடம் கேளுங்கள். பயந்து நீங்களாகவே குளிசையை நிறுத்திவிடாதீர்கள். அடங்கியிருந்த நோய் மீண்டும் கிளம்பும்.

காணியை இழந்தோம், வீட்டை இழந்தோம். ஒரு பரிசோதனை தவறியதால் கண்ணையும் இழக்க வேண்டியதில்லை.