மூன்றிலைச் செடி: தொடாதீர்கள்!



பால்மரத்து இலை எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காம்பில் மூன்று இலை. அதே மூன்றிலைக் கணக்கில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு புதர்ச்செடி உண்டு. 'பாய்சன் ஓக்', அதாவது நச்சு ஓக் என்பார்கள். ஓக் மரத்துக்கும் அதற்கும் உறவே கிடையாது. இலை ஓரம் ஓக் இலை போல வளைந்து வளைந்து போவதால் வந்த பெயர். உண்மையான உறவு யாரோடு தெரியுமா? மாமரம், முந்திரி, நம் காட்டு ரெங்காஸ் மரம் இவற்றோடுதான். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கு விஷயம் இப்போதே புரிந்திருக்கும்!

அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையில் மாதக்கணக்கில் சொட்டு மழை இராது. அதனால் மலைச்சரிவுகளில் பெருமரங்களுக்குப் பதில், தடித்த சிறு இலைகளோடு ஆள் உயரப் புதர்கள் நெருக்கமாக மண்டிக் கிடக்கும். இந்தப் புதர்க்காட்டுக்கு 'ஷப்பரல்' என்று பெயர். நச்சு ஓக் அங்கே வெயிலில் குத்துச்செடியாக நிற்கும். பள்ளத்தாக்கின் நிழலில் கொடியாகி மரத்தில் ஏறிவிடும்.

அடையாளத்தைச் சரியாகப் பாருங்கள். மூன்றில் நடு இலைக்கு மட்டும் நீளக் காம்பு. 'ஸ்கங்க் புஷ்' என்ற செடிக்கும் மூன்றிலைதான். ஆனால் அதன் நடு இலைக்குக் காம்பில்லை, பழமும் சிவப்பு. நச்சு ஓக்கின் பழம் வெளிறிய வெள்ளை. காட்டு பிளாக்பெரிக்கு முள் உண்டு, இதற்கு இல்லை. கோடை முடிகையில் இலை செக்கச் சிவந்து பறிக்கச் சொல்லும். பிறகு இலை உதிர்ந்து வெறுங்குச்சியாக நிற்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். குச்சியிலும் அதே நச்செண்ணெய் இருக்கிறது.

பட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் அரிப்பும் கொப்புளமும் கிளம்பும். பட்டது தெரிந்தால் அப்போதே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். சட்டையையும் கத்தியையும் கூடத்தான். ரெங்காஸ் பால் பட்டாலும் இதையே செய்யுங்கள். முகமோ கண்ணோ வீங்கினால் கைவைத்தியம் வேண்டாம், கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

நச்சு ஓக்கை எரிக்கவும் கூடாது. எண்ணெய் புகையோடு கலந்து நெஞ்சுக்குள் போய்விடும். அங்கே காட்டுத்தீ அணைப்பவர்கள் இதனால் படும் பாடு கொஞ்சமல்ல.

வேடிக்கை என்னவென்றால், இதே செடியை மானும் ஆடும் சாதாரணமாக மேய்கின்றன. அந்த மண்ணின் பூர்வகுடிகளான பொமோ மக்கள் இதன் சாற்றைக் கூடை நாருக்குக் கருப்புச் சாயமாக்கினார்கள். எப்படித்தான் தொட்டார்களோ!