உமிழ்நீரில் குலவரலாறு இல்லை

சிவகங்கை மாவட்டம் கொந்தகையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட இரண்டு மண்டையோடுகளை அடிப்படையாகக் கொண்டு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய முகங்கள் 2025ஆம் ஆண்டில் வெளியானதும், அம்முகங்களின் இன்றைய வாரிசுகள் எந்தச் சாதியினர் என்ற பேச்சு தமிழகத்தில் மீண்டும் தலைதூக்கியது. ஒரு வட்டாரத்தாரோ ஒரு சாதியினரோ கூட்டாகச் சேர்ந்து உமிழ்நீரைச் சோதனைக்கு அனுப்பினால், தங்கள் பொது மூதாதை யார், அவர் எங்கிருந்து வந்தார் என்பதை மரபணுவே சொல்லிவிடும் என்ற நம்பிக்கை இப்பேச்சுக்கு அடியில் கிடக்கிறது. படித்தவர்களிடையே வேரூன்றியுள்ள இந்நம்பிக்கை, ஆய்வுக்கூடத்தின் பெயரைச் சொல்லி மறுபிறவி எடுத்திருக்கும் பழைய குலப்பெருமையே ஆகும்.

இதற்குத் தமிழகத்தில் எடுத்த எடுப்பிலேயே சான்றாகக் காட்டப்படுவது ‘எம்130’. ஆண்களுக்கு மட்டுமே உரிய ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாறாமல் இறங்குகிறது. அரிதாக அதில் நேரும் ஒரு சிறு மாற்றம், பின்வரும் ஆண்வழியினர் அனைவரிடமும் அடையாளக் குறியாக நிலைத்துவிடுகிறது. அத்தகைய குறிகளுள் ஒன்றான எம்130, மதுரைக்கு மேற்கேயுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவரிடம் இருப்பதை ஸ்பென்சர் வெல்ஸ் என்னும் அமெரிக்க மரபியலாளரும் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் எடுத்துக்காட்டினர். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியாவை நோக்கிச் சென்ற தொல்மனிதரின் வழித்தடத்தை விளக்குவதே அவர்களுடைய நோக்கமாக இருந்தது. ஆனால் அந்த ஆய்வு ‘முதல் இந்தியன்’ என்ற பட்டமாகச் சுருங்கி, ஒரு சாதி மற்றெல்லாச் சாதிகளையும்விடத் தொன்மையானது என்ற முழக்கமாக மேடையேறியது.

எம்130 மதுரை வட்டாரத்தின் தனிச்சொத்து அன்று. ஆஸ்திரேலியத் தொல்குடியினரிடமும், பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவினரிடமும், கசாக்கியரிடமும், மங்கோலியரிடமும் அதே குறி உண்டு. செங்கிஸ்கானின் வழியாக இருக்கலாம் என்று 2003ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு கருதிய ஆண்வழிக் கிளையும் இந்த எம்130இன் கிளைகளுள் அடங்குவதே. ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் இக்கிளை ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெற்காசியக் கிளையிலிருந்து பிரிந்துவிட்டதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. வேளாண்மையும் ஊரும் சாதியும் தோன்றாத காலத்தில் உண்டான ஒரு குறியைக் கொண்டு சாதிக்குப் பட்டா எழுதுவோர், அதே பட்டாவில் மங்கோலியப் புல்வெளியில் குதிரை மேய்ப்பவருக்கும் பங்கு கொடுத்தாக வேண்டும். அதற்கு எந்தச் சங்கம் ஆயத்தமாக இருக்கிறது?

கணக்கும் இந்நம்பிக்கைக்கு எதிராகவே நிற்கிறது. பத்துத் தலைமுறைகளுக்கு முன்னால் ஓர் ஆணுக்கு 1,024 முன்னோர் இடங்கள் உள்ளன. உறவுமணத்தால் ஒருவரே பல இடங்களை நிரப்பியிருக்கலாம் எனினும், அவற்றுள் ஆண்களுக்குரிய 512 இடங்களில் ஒன்றே ஒன்றுதான் ஒய் குரோமோசோமை அளித்தது. எஞ்சிய 1,023 இடங்களைப் பற்றி ஒய் குரோமோசோம் சோதனை வாய் திறப்பதில்லை. தாயும் பாட்டியும் கொள்ளுப்பாட்டியும் இல்லாத ஒரு வம்சத்தைக் காட்டி அதைக் குலவரலாறு என்று கொண்டாடுவது, பெண்ணைக் கணக்கில் சேர்க்காத பழைய வழக்கத்துக்குப் புதிய முத்திரை குத்துவதாகும்.

கூட்டாகச் சோதித்தால் இக்குறை நீங்கும் என்பதும் ஏமாற்றே. வணிக நிறுவனங்கள் தரும் வட்டார விழுக்காடுகள், அந்தந்த நிறுவனத்தின் கையிலுள்ள ஒப்பீட்டுத் தொகுப்புடன், அதாவது இன்று உயிருடன் இருப்போரின் மாதிரிகளுடன், பொருத்திப் பார்த்துப் பெறப்படும் மதிப்பீடுகள். தொகுப்பு மாறினால் விழுக்காடும் மாறும். தாமாக முன்வந்து பணம் கட்டியவர்களின் கூட்டம் ஒரு வட்டாரத்தின் பிரதிநிதி ஆகாது. தமிழகத்தின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களிடம் முறைப்படி நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், பல்வேறு ஆண்வழிக் கிளைகள் பல சமூகங்களிலும் கலந்து கிடப்பது தெரியவந்தது. இந்தியாவின் 73 குழுக்களை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டின் ஆய்வோ, இன்றிலிருந்து ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் இங்கே பரவலான இனக்கலப்பு நிகழ்ந்தது என்றும், அகமணம் அதன் பின்னரே இறுகியது என்றும் கூறுகிறது. கலப்பை எடுத்துரைக்கும் அறிவியலைத் தூய்மைக்குச் சாட்சியாக அழைப்பது எவ்வகை நேர்மை?

இத்தனைக்கும் விலையாகக் கொடுக்கப்படுவது திரும்பப் பெற முடியாத உடல் தகவல். அமெரிக்காவின் ‘23அண்ட்மீ’ நிறுவனத்தில் 2023இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடர் கைக்குச் சென்றன. 2025 மார்ச்சில் அந்நிறுவனமே திவால் மனு தாக்கல் செய்தது. அரிசோனாவின் ஹவாசுபாய் பழங்குடியினரிடம் நீரிழிவு ஆய்வுக்கென 1990 முதல் பெறப்பட்ட இரத்தம், அவர்கள் அறியாமலேயே குடிப்பெயர்வு ஆய்வுக்கும் மனநோய் ஆய்வுக்கும் பயன்படுத்தப்பட்டது. 2010இல்தான் ஏழு லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. உமிழ்நீருக்குச் செலவிட ஆர்வம் காட்டும் நம் தமிழ்ச் சமூகம், தன் ஊர்களின் பெயரையும் நிலத்தையும் நீர்ப்பங்கீட்டையும் பதிவுசெய்துள்ள கல்வெட்டுகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

குழுக்களின் மரபணுவை ஆராய்வதற்கு உண்மையான பயன் மருத்துவத்தில் இருக்கிறது. நெடுங்கால அகமணத்தின் விளைவாக வைசியச் சமூகத்தாரிடையே ஒரு நொதிக் குறைபாடு மிகுதியாகக் காணப்படுகிறது. அது உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சையின்போது தரப்படும் சிலவகைத் தசைத்தளர்த்தி மருந்துகள் ஆபத்தானவை. இத்தகைய ஆய்வு உயிர்களைக் காக்கிறது. எம்130ஐ ஏந்திய ஊர்வலம் எவரையும் காப்பதில்லை. தம் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் ஊர்க் கோயிலின் கல்வெட்டையும், நிலப் பதிவேட்டையும், முதியோரின் நினைவையும் நாடட்டும். மூதாதையை விற்கும் கடைகளுக்கு உமிழ்நீரையும் பணத்தையும் கொடுப்பதை இன்றோடு நிறுத்தட்டும்.