டிப்பருக்கு ஒரு வழி, சைக்கிளுக்கு ஒரு வழி

பதினோராம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுத்துவிடுகிறது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய நல்ல திட்டம் அது. பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்தது. அந்த சைக்கிளை எந்த வழியில் ஓட்டுவது என்பதை மட்டும் பிள்ளைகளின் தலையெழுத்துக்கு விட்டுவிட்டோம். குன்னத்திலிருந்து அரியலூர் போகும் சாலையில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். டிப்பர் சத்தம் கேட்டதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிடுகிறார்கள். ஒரு காலை ஊன்றி, கண்ணை இறுக மூடி, புழுதி அடங்கும்வரை நிற்கிறார்கள். தை மாசத்தில் அந்த ஓரமும் கிடைக்காது, மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருக்கும். களம் இல்லாத விவசாயி ரோட்டில்தான் கொட்டுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

லாரிகள் ஏன் இங்கே வருகின்றன என்பதைப் பல ஆண்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான், புவியியல் வாத்தியார். கிரிட்டேசியஸ் காலத்தில் இந்த மண்மேல் கடல் ஏறி நின்றது. அது விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குத் தீனி. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரமும் அந்தக் கடல் தந்ததே. 12 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. அந்த மரத்தைக் காட்ட என் மாணவர்களை சைக்கிளில் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. வழியை நினைத்து எந்தத் தலைமையாசிரியரும் ஒப்பவில்லை. அவர்கள் பயமும் நியாயம்தான்.

என் மகள் பிரான்சில், போர்தோ நகரில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது அவளோடு ஒரு பாதையில் சைக்கிள் ஓட்டினேன். வண்டி ஓடாத ரயில் தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். 1937-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் வென்ற ரோஜே லாப்பெபியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். சோவ்தேர் என்ற சிற்றூர் வரை 50 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. வழியெல்லாம் ஒயினுக்கான திராட்சைத் தோட்டங்கள். ரயில் போன தடம் என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் வரும், என் வயசுக்கு அது பெரிய உதவி. மோட்டார் வண்டி நுழையக் கூடாது. முன்னால் ஒரு கிழவி கூடையில் ரொட்டியோடு போய்க்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்த நிம்மதிதான்.

நம்மிடம் கைவிட்ட ரயில் தடம் இல்லை. வண்டிப்பாதை இருக்கிறது, ஏரிக்கரை இருக்கிறது. கரைவெட்டி ஏரிக்கு மேட்டூர்த் தண்ணீர் கொண்டுவரும் புள்ளம்பாடி வாய்க்காலின் கரை இருக்கிறது. வரித்தலை வாத்துகள் வந்திறங்கும் அந்த ஏரி 2024-ல் ராம்சார் தலமானது. குன்னம், சாத்தனூர், கரைவெட்டி மூன்றையும் பருத்திக் காட்டுக்கும் சின்ன வெங்காயப் பட்டறைகளுக்கும் நடுவே ஒரே பாதையாக இணைக்கலாம். வெளியூரார் வந்தால் மகிழ்ச்சி. ஆனால் அது முதலில் பள்ளிக்கூடத்துக்கும் காட்டுவேலைக்கும் போகிறவர்களின் பாதையாக இருக்க வேண்டும்.

வண்டிப்பாதை இப்போது இருக்கும் நிலையில் உதவாது. ஐப்பசி மழையில் கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுப் பத்தடி தள்ளினால் மறுபடி அடைக்கும். வெயில் காலத்தில் சீமைக்கருவேல முள். ஆகவே முள்ளை வெட்டி, கிராவல் கொட்டி, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். தார் வேண்டாம்; தார் போட்டால் லாரி அதைக் குறுக்குவழியாக்கிவிடும். பிரான்சைப் போல மோட்டார் வண்டியே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். பருத்தி மூட்டை ஏற்றிய டிராக்டர் போக முடியாத பாதையை இந்த ஊர் ஏற்காது, ஏற்கவும் கூடாது. டிராக்டர் நுழையும், டிப்பர் நுழையாத இடைவெளி விட்டு முகப்பில் இரண்டு கல்தூண் நட்டால் போதும்.

பணம்? 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சுரங்கக் குத்தகைதாரர்கள் ராயல்டிக்கு மேல், அதில் 10 அல்லது 30 சதவீதத்தை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான நிதி அது; சாலைப் பணிக்கும் அதில் இடமுண்டு. சுண்ணாம்புப் புழுதியைத் தினமும் குடிக்கும் பிள்ளைகள் பாதிக்கப்பட்டவர்கள் இல்லையென்றால் வேறு யார்?

குன்னம் பெரம்பலூர் மாவட்டத்தில், கரைவெட்டி அரியலூர் மாவட்டத்தில். இரண்டு ஆட்சியர்களும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் இது நடக்கும். வண்டிப்பாதைகள் கிராம வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. சில இடங்களில் வரப்பு நகர்ந்து பாதை ஒடுங்கியிருக்கிறது. குன்னத்துக்கும் சாத்தனூருக்கும் இடைப்பட்ட பகுதியை இந்தக் கோடையிலேயே நில அளவையரை அனுப்பி அளக்கச் சொல்லட்டும்.